பார்க்க அழகு, சமையலுக்கும் ருசி: அப்படி ஒரு மிளகாய்ச் செடி உண்டா?

கேள்வி: "புதுச்சேரியில் பால்கனியில் வைக்க வண்ண மிளகாய்ச் செடி வாங்கலாம் என்று இருக்கிறேன். அழகுக்காக விற்கும் அந்த மிளகாய் சமையலுக்கும் ருசியாக இருக்குமா? எந்த வகையை வாங்குவது?"

இதற்கு எனக்கு முன்னால் பதில் எழுதிய இருவர், "அதெல்லாம் பார்ப்பதற்கு மட்டும், வாயில் வைத்துவிடாதீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மொட்டை மாடி முழுவதும் மிளகாய்த் தொட்டிகளாக நிரப்பி வைத்திருப்பவள் நான். அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு இடம் குறைவு, நான்கைந்து தொட்டிகளுக்கு மேல் வைக்க முடியாது, வீட்டில் காரம் சாப்பிடுபவர்களும் சாப்பிடாதவர்களும் கலந்து இருக்கிறார்கள் என்று நானாகவே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அழகுச் செடி என்று விற்கப்படும் மிளகாய்களில் பெரும்பாலானவை காப்சிகம் ஆன்னுவம் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. நம் சம்பா மிளகாய், குண்டு மிளகாய், குடைமிளகாய் எல்லாம் அதே இனம்தான். ஆகவே அவற்றில் தனியாக விஷம் எதுவும் இல்லை. பயப்பட வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, மருந்து. நர்சரிகளில் செடி குட்டையாக, அடர்த்தியாக நிற்பதற்காக வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தும், பூச்சி வராமல் இருக்க வேர்வழியாகச் செடி முழுவதும் பரவும் மருந்தும் கொடுப்பது உண்டு. உண்ணும் பயிருக்கு உரிய கணக்கை அழகுச் செடிக்கு யாரும் பார்ப்பதில்லை. அதனால் காயோடு வாங்கிய செடியின் காய்களைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். விதை போட்டு வளர்ப்பதே நல்லது. இன்னொன்று, ஜெருசலேம் செர்ரி என்ற செடி. உருண்டையான ஆரஞ்சு நிறப் பழங்களோடு பார்க்க மிளகாய் போலவே இருக்கும், அது நஞ்சு. பெயர் தெரியாத உருண்டைப் பழச் செடியைக் கடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். இவ்வளவும் சொன்ன பிறகும், "குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறீர்களே" என்று யாராவது பின்னூட்டம் போட்டால், அவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கட்டும்.

இனி ருசிக்கு வருகிறேன். வண்ண மிளகாய் ருசியாக இல்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தவறான பருவத்தில் தின்றவர்கள். ஊதாவாகவும் கறுப்பாகவும் இருக்கும்போதுதான் செடி கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அப்போது அது பழுக்காத காய். பச்சைவாடையும் சிறு கசப்பும் அடிக்கும். நறுக்கிப் பார்த்தால் தோல் மட்டும்தான் கறுப்பு, உள்ளே வழக்கமான பச்சை. சூடான எண்ணெயில் விழுந்ததும் அந்தக் கறுப்பும் மங்கி, சாதாரணப் பச்சை மிளகாயின் நிறத்துக்கு வந்துவிடும். இனிப்பும் மணமும் காய் முழுவதும் சிவந்த பிறகுதான் சேரும். அதாவது செடி அழகாக இருக்கும் பருவமும் காய் ருசிக்கும் பருவமும் பெரும்பாலும் ஒன்றல்ல. இதற்கு மேல் அளவு வேறு பிரச்சினை: காரம் இருப்பது காய்க்குள் விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில். சுண்டுவிரல் நுனி அளவுக் காயில் அந்தத் தசையும் விதையும் போக, சதை என்று சொல்ல என்ன மிஞ்சும்? அதனால்தான் பல வகைகளில் காரம் மட்டும் சுள்ளென்று ஏறுகிறது, மணம் பின்தங்கி நிற்கிறது.

என் மாமியாருக்கு இந்தச் செடிகளைக் கண்டாலே ஆகாது. "ஏம்மா, கறுப்புக் காயை எந்தக் குழம்புல போடறது? மாடியிலயே இருக்கட்டும், அடுப்பங்கரைக்குக் கொண்டுவராதே" என்றார். நான் வாதாடவில்லை. கறுப்பு முத்து போலக் காய்த்து நன்றாகச் சிவந்த பழங்களைப் பறித்து, பூண்டு, கல்லுப்பு, சிறிது வினிகர் சேர்த்து அம்மியில் அரைத்து, சங்கரா மீனில் தடவி வறுத்தேன். அவர் பாராட்டவில்லை, பாராட்டுவது அவர் வழக்கமும் இல்லை. ஆனால் அதன் பிறகு காலையில் துணி காயப்போட மாடிக்குப் போகிறவர், சிவந்த பழங்களை எனக்கு முன்பே கொய்து முந்தானையில் முடிந்துகொண்டு இறங்குவது வழக்கமாகிவிட்டது. செடியில் அழகு என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அடுத்த பட்டத்தில் அதே வகையில் அவருக்கு ஒரு தொட்டி, கண்ணுக்கு ஒரு தொட்டி என்று பிரித்து வைத்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். பழுத்ததைப் பறிக்கப் பறிக்கத்தான் செடி மேலும் பூக்கும். பறிக்காமல் அழகுக்கு விட்டால் பூப்பது குறைந்துவிடும்.

வகைகளில் நான் முதலில் சொல்வது ஃபிஷ் பெப்பர். அமெரிக்காவில் செசபீக் விரிகுடாப் பகுதியின் கறுப்பின மக்கள் பேணிய பழைய வகை இது. அங்கே சிப்பி, நண்டு சமைக்கும் கடைகளில் வெள்ளைச் சாஸுக்குப் பயன்பட்டது. அழிந்துபோகாமல் தப்பியதற்குக் காரணம் ஹொரெஸ் பிப்பின் என்ற ஓவியர், 1940களில் தன்னிடம் இருந்த விதைகளைத் தேனீ வளர்க்கும் ஒருவருக்குக் கொடுத்தது. அழகு இலையிலேயே இருக்கிறது: பச்சையில் வெள்ளை திட்டுத்திட்டாக இருக்கும். ஆகவே காயைப் பறித்தாலும் செடி மொட்டையாகத் தெரியாது. காய் முதலில் பாலாடை நிறத்தில் பச்சைக் கோடுகளோடு இருக்கும். அந்தப் பருவத்திலேயே சமையலுக்கு ஆகும் என்பதால் அழகும் ருசியும் சேர்ந்து அமையும் அபூர்வ வகை இது. தேங்காய்ப்பால் ஊற்றிய இறால் குழம்பில் போட்டால் குழம்பின் வெண்மை கெடுவதில்லை.

அடுத்தது பிளாக் பெர்ல். அமெரிக்க வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியது. 2006இல், புதிய செடி வகைகளைச் சோதித்துத் தரும் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்றது. நம் வெயிலில் இலை கருகருவென்று ஏறும். என் மாமியார் கொய்வது இதைத்தான். காரம் கடுமை, கொஞ்சமாகப் போடுங்கள். காரம் ஆகாதவர்களுக்கு மெதூசா: காய்கள் முறுக்கிக்கொண்டு மேல்நோக்கி நிற்கும், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் ஒரே செடியில் தெரியும், காரம் இருக்காது; ருசி குடைமிளகாய் அளவுக்கு இல்லை என்றாலும் சாலட்டுக்குக் குறையில்லை. நியூமெக்ஸ் ட்விலைட், நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வகை. ஊதாவில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாறும். அழகுக்கு முதல் மதிப்பெண். எலுமிச்சைச் சாற்றில் உப்போடு ஊறவைக்க மட்டும் நான் பயன்படுத்துகிறேன்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாடித்தோட்டப் போட்டிக்கு என் ஃபிஷ் பெப்பர் தொட்டியை எடுத்துச் சென்றேன். காய்கறிப் பிரிவில் "இது அழகுச் செடி" என்று திருப்பினார்கள். அழகுச் செடிப் பிரிவில் "இதில் காய் இருக்கிறதே" என்றார்கள். நடுவர்கள் யாரும் ஒரு காயைக்கூடக் கிள்ளிப் பார்க்கவில்லை. பரிசுக்காகச் சொல்லவில்லை, உண்ணும் செடி அழகாக இருக்கக்கூடாது என்று யார் விதித்தது என்றுதான் கேட்கிறேன்.

நட வேண்டிய நேரம் முக்கியம். புரட்டாசியில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். சித்திரை வெயில் பூவை உதிர்ப்பதற்கு முன் நிறையப் பறித்துவிடலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் உங்கள் ஊர் அருகே கரை கடந்தபோது நாற்றுத் தட்டுகளை எல்லாம் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்திருந்ததால்தான் எங்கள் வீட்டில் பிழைத்தன. கடற்காற்று படும் பால்கனி என்றால் இலையில் படியும் உப்பை நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள். இலை சுருளத் தொடங்கினால் அடிப்பக்கத்தில் இலைப்பேன் இருக்கும்; சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து சாயங்காலத்தில் தெளித்தால் கட்டுப்படும்.

வெவ்வேறு வகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மெதூசாவிலும் காரம் ஏறிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். இந்த ஆண்டுக் காய்க்கு ஒன்றும் ஆகாது. அதன் விதையை எடுத்து விதைத்தால்தான் கலப்பு தெரியும். விதைக்கென்று வேண்டுமானால், பூக்கும் முன்பே ஒரு கிளைக்கு மெல்லிய துணிப்பையைக் கட்டி, அதில் காய்ப்பதை மட்டும் சிவக்க விட்டு எடுத்து வையுங்கள்.