பட்டப்பெயரும் வாட்ஸ்அப் குழுவும்

உங்கள் 13 வயது மகனை வகுப்பில் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இப்போது அவன் படத்தை வெட்டி ஒட்டி வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறார்கள், "திருப்பி அடி" என்று அவன் அப்பா சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கோபம் புரிகிறது. ஆனால் திருப்பி அடித்தால் பள்ளியில் இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுவார்கள்.

நேரில் நடப்பதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: "அப்படிக் கூப்பிடாதே, எனக்குப் பிடிக்கவில்லை." சொல்லிவிட்டு நின்று வாதாடாமல், நண்பர்களோ ஆசிரியரோ இருக்கும் பக்கம் போய்விட வேண்டும். வீட்டில் நீங்களே கிண்டல் செய்பவராக நடித்து அவனைப் பழக்குங்கள். முதல் இரண்டு தடவை சிரிப்பான், பரவாயில்லை. குரல் நடுங்காமல் வரும்வரை சொல்லிப் பார்க்கட்டும்.

குழுவில் பதிலே போட வேண்டாம். முதலில் தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவர் இரண்டு நாள் கழித்துக்கூட அந்தப் படத்தை எல்லோருக்கும் அழித்துவிட முடியும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் ரிப்போர்ட், பிளாக். குழுவிலிருந்து வெளியேறினால் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். பிரைவசி அமைப்பில் யார் அவனைக் குழுவில் சேர்க்கலாம் என்பதையும் மாற்றிவிடுங்கள்.

போனை மட்டும் பிடுங்காதீர்கள். சொன்னால் போன் போய்விடும் என்று தெரிந்தால் அடுத்த முறை அவன் உங்களிடம் வாயே திறக்கமாட்டான். அந்தப் பையன்களின் பெற்றோருக்கு நேரடியாக போன் செய்வதும் பெரும்பாலும் சண்டையில்தான் முடியும். ஸ்க்ரீன்ஷாட்களோடு வகுப்பாசிரியரைப் பாருங்கள், போகுமுன் அவனிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.