அரைக் கிலோ, கால் கிலோ

அன்புள்ள சார்,

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் பெரிய கம்பெனி ஒன்றில் மூன்றரை வருடமாக கான்ட்ராக்டில் இருக்கிறேன். சேரும்போது வருடம் 2.7 லட்சம் என்றார்கள். கைக்கு வருவது மாதம் 17,500 சொச்சம். பக்கத்து மெஷினில் நிற்கும் பெர்மனென்ட் அண்ணனுக்கு இரண்டரை மடங்கு. ஒரே வேலைதான், அவர் லீவு போட்டால் அவர் மெஷினையும் நான்தான் ஓட்டுகிறேன். ஆயுத பூஜைக்கு அவர்களுக்கு அரைக் கிலோ ஸ்வீட், எங்களுக்குக் கால் கிலோ. அப்பாவிடம் சொன்னால், "பஸ் விடுறான், சோறு போடுறான், பேசாம இரு" என்கிறார். எனக்குத்தான் பேராசையா? சம்பளச் சீட்டுகளை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

பேராசை இல்லை. ஆனால் ஸ்வீட்டை விடுங்கள்.

சீட்டைப் பார்த்தேன். மொத்தம் 19,200. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 12,500. அதில் 12 சதவீதம் பி.எஃப்., 1,500 ரூபாய். மொத்தத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு, 144 ரூபாய். மிச்சம் 17,556. கணக்கு சரி. முதலாளி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., 3.25 சதவீத இ.எஸ்.ஐ., போனஸ், கிராஜுட்டி எல்லாவற்றையும் கூட்டினால்தான் அந்த 2.7 லட்சம் வரும். இதற்குப் பெயர் சி.டி.சி., அதாவது உங்களுக்காக அவர்கள் செலவழிப்பது. அதைச் சம்பளம் என்று நம் பிள்ளைகள் கல்யாணப் பேச்சில் வரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அதில் கிராஜுட்டிதான், வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடைதான், வேடிக்கை. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், நல்ல தொகை. ஆனால் 1972-ஆம் வருடச் சட்டம் அதற்கு ஐந்து வருடத் தொடர்ச்சியான வேலையைக் கேட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு, கம்பெனியே நேரடியாகக் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுத்தவர்களுக்கு அதை ஒரு வருடமாகக் குறைத்தது. கான்ட்ராக்டர் மூலம் வந்த உங்களுக்கு அது தானாகப் பொருந்திவிடாது.

இப்போது சீட்டின் தலைப்பைப் பாருங்கள். முதல் இரண்டு வருடம் ஒரு கான்ட்ராக்டர் பெயர், அப்புறம் இன்னொரு பெயர். நீங்கள் அதே லைனில், அதே மெஷின் முன்னால்தான் நின்றிருக்கிறீர்கள். காகிதத்தில் மட்டும் ஒரு வேலையை விட்டு இன்னொன்றில் சேர்ந்திருக்கிறீர்கள். அந்த ஐந்து வருடக் கணக்கை முதலிலிருந்து தொடங்க இது போதும். கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் பயப்படுவது இதற்குத்தான்.

தொண்ணூறுகளில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நானும் கான்ட்ராக்டில் இருந்தேன். பெர்மனென்டுக்குச் சாம்பல் நிறச் சட்டை, எங்களுக்கு நீலம். நான்கு வருடம் ஏழு மாதம் ஆனபோது ஒரு திங்கட்கிழமை கேட்டில் புது அட்டை கொடுத்தார்கள். கான்ட்ராக்டர் மாறிவிட்டாராம். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. போட்டோ நன்றாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். லைனில் இருந்த பெரியவர் ஒருவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இன்னிக்குத்தான் நீ பொறந்திருக்கே" என்றார். அந்த வருடம் எங்களுக்கும் அரைக் கிலோ ஸ்வீட் கொடுத்தார்கள் என்பது தனி.

சம வேலைக்குச் சம கூலி என்பது புதிய கோரிக்கை அல்ல. 1970-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளிலேயே, நேரடித் தொழிலாளி செய்யும் அதே வேலையைச் செய்பவருக்கு அதே ஊதியம் என்று இருந்தது. கான்ட்ராக்டர் சம்பளம் போடாவிட்டால் கம்பெனிதான் போட வேண்டும் என்றும் இருந்தது. தமிழ்நாட்டில் கூடுதலாக ஒன்று: 1981-ஆம் வருடச் சட்டம். 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். கான்ட்ராக்டர் நடுவில் இருந்தால் இது எளிதில் நடக்காது, கோர்ட்டில் வருடக்கணக்காக இழுக்கும். அதைச் சொல்லாமல் உங்களை உசுப்பிவிடுவது பாவம்.

அப்படியென்றால் பெர்மனென்ட் ஆகிவிட்டால் எல்லாம் சரியா? உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சம்பள உயர்வும் கேட்டார்கள்தான், ஆனால் இழுபறி முக்கியமாகச் சங்கத்தை ஏற்பதில்தான். சங்கம் பதிவாக 2025 ஜனவரி ஆனது. உங்கள் பெர்மனென்ட் அண்ணனுக்கும் அந்த இரண்டரை மடங்கை யாரும் தட்டில் வைத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். டீ நேரத்தில் அவரையே கேளுங்கள். அவரை எதிரியாக்கிக் கொள்ளாதீர்கள்.

அப்பா சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை: சோறும் பஸ்ஸும் சின்ன விஷயமல்ல. இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான். மொத்தச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அது போய்விடும், அவருடைய மாத்திரைச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

உங்களிடம் இருக்கும் எல்லாச் சீட்டுகளையும், பழைய அடையாள அட்டையையும் போட்டோ எடுத்து வையுங்கள். பழைய அட்டையைத் திருப்பிக் கேட்டிருந்தால், திருப்பிக் கொடுத்த தேதியை எழுதி வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான யு.ஏ.என்.-ஐப் போட்டு பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, கான்ட்ராக்டர் மாறிய அந்த மாதத்துக்குப் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.