கொட்டகைக்குள் நிற்பது மோரிஸா, அம்பாசடரா?

கேள்வி: எங்கள் ஊர் பள்ளத்தூர். கானாடுகாத்தான் போகிற வழியில் ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிய பழைய வண்டி ஒன்று நிற்கிறது. பின்பக்கம் மட்டும்தான் வெளியே தெரியும். ஐயா (தாத்தா) அதை மோரிஸ் என்கிறார், அப்பா அம்பாசடர்தான் என்று அடித்துச் சொல்கிறார். எனக்கோ எல்லாப் பழைய காரும் ஒன்று போலவே இருக்கின்றன. தெருவில் ஒரு காரைப் பார்த்ததும் இது இன்ன வண்டி, இன்ன காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். பின்பக்கம் தெரிகிறது என்கிறீர்களே, அது உங்கள் அதிர்ஷ்டம். இந்த வழக்கைத் தீர்த்து வைப்பதே பின்பக்கம்தான்.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1954ல் லேண்ட்மாஸ்டர் என்ற காரைக் கொண்டுவந்தது. அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசை வண்டி. சில ஆண்டுகளில் அதே காரின் மூன்றாம் வரிசை அம்பாசடர் என்ற பெயரில் வந்தது. இரண்டுக்கும் நடு உடம்பு ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் லேண்ட்மாஸ்டரின் பின் மட்கார்டு உருண்டையாக இறங்கி முடிந்துவிடும். அம்பாசடரில் அது மேலே எழும்பி, சின்ன மீன்துடுப்பு மாதிரி நின்று, அதன் முனையில் விளக்கு இருக்கும். அடுத்த முறை போகும்போது அதை மட்டும் பாருங்கள். உருண்டை என்றால் ஐயா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் காலத்து மனிதர்கள் லேண்ட்மாஸ்டரையும் மோரிஸ் என்றே சொன்னார்கள். (எந்தக் காராக இருந்தாலும் ‘பிளஷர்’ என்று சொல்லும் பெரியவர்களும் நம் பக்கம் உண்டு. அவர்களிடம் வண்டியின் பெயரைக் கேட்காமல், கதவு எப்படித் திறக்கும் என்று கேளுங்கள். துல்லியமாகச் சொல்வார்கள்.)

கதவைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், பலரும் முதலில் பார்ப்பது முன்பக்கத்துக் கிரில்லைத்தான். நம் ஊர் வண்டிகளில் நம்பக் கூடாத இடமும் அதுதான். அம்பாசடர் 2014 வரை உற்பத்தியில் இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அதே உடம்பு என்பதால், முன்னால் இடித்துக்கொண்டால் பட்டறையில் அப்போது கிடைத்த கிரில்லையும் விளக்கையும் மாட்டிவிடுவார்கள். தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த வண்டியின் முகத்தைப் பார்த்து, 1979ல் வந்த மார்க் 4 மாடல் அம்பாசடர் என்று நினைத்துத் தாண்டிப் போகப் பார்த்தேன். பானட்டின் மேல் நீளவாக்கில் மடிப்புக் குழிவுகள் ஓடுவதைக் கண்டு நின்றேன். அது முதல் காலத்து அம்பாசடர். முகம் மட்டும்தான் பிற்பாடு வந்தது. அதனால் டிங்கரிங் செய்பவர் எளிதில் மாற்ற முடியாததைப் பாருங்கள்: கதவுக் கீல் எந்தப் பக்கம், கண்ணாடியின் வடிவம் என்ன, கூரை எப்படி இறங்குகிறது, பானட் எப்படித் திறக்கிறது.

கீலை வைத்தே ஃபியட்டின் வயதைச் சொல்லலாம். பம்பாயில் பிரிமியர் கம்பெனி 1954ல் கொண்டுவந்த ஃபியட் 1100ல் முன்கதவின் கீல் நடுத்தூணில் இருக்கும். முன்கதவையும் பின்கதவையும் சேர்த்துத் திறந்தால் இரண்டும் நடுத்தூணை ஒட்டி முதுகோடு முதுகாக நிற்கும். 1960களின் நடுவில் வந்த 1100 டி மாடலில் இப்போதைய கார்களைப் போல முன்பக்கம் கீல் வைத்தார்கள். அதே உடம்புதான் 1970களில் பிரிமியர் பத்மினி ஆயிற்று. ஆகவே ‘பழைய பத்மினி’ என்று யாராவது காட்டும் வண்டியின் முன்கதவு எதிர்ப்பக்கமாகத் திறந்தால், அது பத்மினியே அல்ல, அதைவிட மூத்தது.

பானட் சொல்லித் தருவது ஹெரால்டை. சென்னையில் 1961ல் ஸ்டாண்டர்ட் கம்பெனி தயாரிக்கத் தொடங்கிய கார் இது. வரைந்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். பானட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், சக்கரம் முழுதும் வெளியே தெரியும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. நாலு கதவு ஹெரால்டைக் கண்டால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இங்கிலாந்தில் அப்படி ஒன்றைச் செய்யவே இல்லை, அது நம் சென்னைக்காரர்கள் செய்தது. அதன் தொடர்ச்சிதான் 1970களின் கெஸல்.

கண்ணாடிக்கு வருவோம். முன் கண்ணாடி நடுவில் ஒரு கம்பியோடு இரண்டாகப் பிரிந்திருக்கும் சின்ன மோரிஸ் மைனர் என்றால் 1956க்கு முந்தியது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் பின் கண்ணாடியைப் பாருங்கள்: இரண்டாகப் பிரிந்திருந்தால் 1953 தொடக்கத்துக்கு முந்தியது, முட்டை வடிவம் என்றால் 1957 வரை, அதற்குப் பிறகு அகலமான சதுரம். அப்புறம், கதவுகளுக்கு நடுவே உள்ள தூணில் நீளமாக ஒரு பொந்து இருக்கிறதா என்று தேடுங்கள். திரும்பும்போது அதிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீண்டு வெளிச்சம் காட்டும். இண்டிகேட்டர் விளக்கு பரவுவதற்கு முந்தைய காலத்து அடையாளம் அது.

இதில் ஒரு பெரிய கோடு இருக்கிறது, அதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 1950களின் நடுப்பகுதி வரை எந்தப் பெயரும் வரலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பாகங்களாக வந்த செவர்லே வண்டிகளைப் பம்பாயிலேயே கோத்து விற்றது. சென்னையில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோத்தது. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற (வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்த) குடும்பங்கள் வாங்கியவை இப்படிப்பட்டவைதான். இங்கேயே தயாரிக்கத் திட்டம் இல்லாத கம்பெனிகளை அரசாங்கம் நிறுத்தச் சொன்ன பிறகு, 1954ல் ஜெனரல் மோட்டார்ஸ் கடையைக் கட்டியது. அதன் பின் முப்பது வருஷம் தெருவில் பெரும்பாலும் இந்துஸ்தான், பிரிமியர், ஸ்டாண்டர்ட், மஹிந்திரா ஜீப், அவ்வளவுதான். ஆக, கொட்டகையில் இந்தப் பெயர்களில் சேராத கார் நின்றால், பெரும்பாலும் அது கோட்டுக்கு அந்தப் பக்கத்தது.

நம்பர் பிளேட் கொஞ்சம் உதவும். டி.என். 63 என்பது சிவகங்கை, டி.என். 55 புதுக்கோட்டை. இந்த முறை 1989ல் வந்தது. அதற்கு முன் மூன்று எழுத்தும் நாலு இலக்கம் வரை எண்ணும்தான். எம்.ஜி.ஆர். காரின் டி.எம்.எக்ஸ். 4777 போல. ஆனால் பிளேட் மாறியிருக்கலாம் என்பதால் இதைக் கடைசிச் சாட்சியாக வையுங்கள்.

நிஜமாகவே அரிய வண்டிகள் இன்றைய போக்குவரத்திலும் ஓடுகின்றன. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். பின்பக்கக் கண்ணாடி கூரை வரை வளைந்து ஏறும், பக்கத்துக்கு ஒரே கதவு உள்ள 1991ன் டாடா சியரா, 1983 இறுதியில் வந்த முதல் மாடல் மாருதி 800, நீண்ட மூக்குள்ள காண்டெஸா. காரைக்குடி பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ குடிக்கும் பத்து நிமிஷத்தில் ஒன்றாவது கண்ணில் படாதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கொட்டகை வண்டிகளைப் பார்க்க நல்ல நேரம் கல்யாண மாதங்களும், பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைப்பு நடத்தும் நாட்களும். பூட்டிய வீடு திறக்கும், கொட்டகையும் திறக்கும். சுவரேறிப் போட்டோ எடுக்காதீர்கள். காவலுக்கு இருப்பவரிடம் சாவி இருக்கலாம், அனுமதி தர அவருக்கு உரிமை இருக்காது. வீட்டில் மூத்தவர் யாரென்று விசாரித்து, “வண்டியை ஒரு தடவை பார்த்துக்கலாமா ஐயா?” என்று கேளுங்கள். விலையைப் பற்றி முதல் நாள் வாயே திறக்க வேண்டாம். ஒரு காருக்கும் பல புள்ளிகள் (குடும்பங்கள்) பங்கு கேட்கும் ஊர் இது. விலை பேச வந்தவன் என்று பட்டால் கதவு மறுபடி திறக்காது.

அனுமதி கிடைத்தால் மூன்று போட்டோ போதும்: பின் மட்கார்டு பக்கவாட்டில், முன்கதவு திறந்த நிலையில், பானட்டைத் தூக்கினால் என்ஜினுக்குப் பின் சுவரில் தெரியும் தகடு. வெகுநாள் நின்ற என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்க மட்டும் விடாதீர்கள். எண்ணெய் காய்ந்த பிஸ்டன் சிலிண்டரைக் கீறிவிடும்.

பழைய ஆர்.சி. புக் எங்கே என்றும் அவர்களிடம் கேட்டு வையுங்கள். 50 வயது தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதிய 2021ல் விதி வந்திருக்கிறது. புதிதாகப் பதிந்தால் கட்டணம் 20,000 ரூபாய், ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு எண் வரும். ஏற்கனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துப் போகலாம். அந்தப் பழைய எண்ணுக்கு ஆதாரம் ஆர்.சி. புக்தான். வீட்டைக் காலி செய்யும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போவதும் அதுதான்.

பின் மட்கார்டு உருண்டையா, துடுப்பா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். லேண்ட்மாஸ்டர் என்றால் நானே பள்ளத்தூருக்கு வருகிறேன்.