பழகாத படையோடு போட்டியில் ஆடுவது எப்படி?

நாகர்கோவிலில் நண்பர்கள் நடத்தும் பொம்மைப்படைப் போட்டியில், முந்தின நாள் குலுக்கலில் கிடைக்கும் படையைத்தான் ஆட வேண்டும், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பழங்காலப் போர்களைச் சிறு பொம்மைப் படைகளால் மேசைமேல் ஆடும் டி.பி.ஏ. (De Bellis Antiquitatis) விதிகள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எந்தப் படையானாலும் 12 பிரிவுகள்தான். அதில் 4 போய், எதிராளிக்கு அதைவிடக் குறைவாகப் போயிருந்தால் தோல்வி. அதனால் எதை எது உடனே அழிக்கும் என்பதை மட்டும் முதலில் படியுங்கள். யானை வந்தால் வெற்றிதான் என்று நானும் நினைத்தேன். முதல் ஆட்டத்திலேயே ஈட்டி எறியும் இலகுக் காலாட்களிடம் அதை இழந்தேன். அவர்களிடம் லேசாகத் தோற்றாலே யானை அழிந்துவிடும். ஆனால் அதே யானை கனத்த குதிரைவீரர்களை அழித்துவிடும்.

அப்புறம் பகடை. உங்கள் முறையில் விழும் எண் அளவுக்குத்தான் நகர்வுகள். 1 விழுந்தால் ஒட்டி நிற்கும் பிரிவுகளின் ஒரே கூட்டம்தான் நகரும். ஆகவே படையைச் சிதறவிடாமல் ஒரே வரிசையாக, தளபதிக்கு அருகில் வையுங்கள்.

பழகாத படையோடு இறங்குவதற்கு நம் ஊரிலேயே முன்னோடி உண்டு. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அந்தத் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி தந்தார். அவர் கல்லறை தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது.

சரி, குலுக்கல் முடிந்த இரவே இரண்டு பக்கமும் நீங்களே ஒருமுறை ஆடிப் பாருங்கள்.