அந்த 3 வினாடி எங்கே போனது?

வணக்கம். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரில் சுருளை இணைத்து, நடுவில் குவார்ட்ஸ் சுவர்க்கடிகாரத்தை வைத்தீர்கள். ஓர் இரவில் அது 3 வினாடி பிந்தியது. காலம் மெதுவானதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பிந்தியது கடிகாரம்தான்.

முதலில் அந்த டிரான்ஸ்பார்மரை ஓரங்கட்டுங்கள். அதிலிருந்து வருவது சுமார் 2000 வோல்ட். கை பட்டால் காலப்பயணம் அல்ல, நேரே மேலோகப் பயணம். அடுப்பின் கெபாசிட்டரையும் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் இருக்கும்.

சரி, 3 வினாடிக்கு வருவோம். கடிகாரத்தின் முதுகைத் திறந்தால் ஒரு குட்டிக் காந்த மோட்டார் தெரியும். வினாடிக்கு ஒரு தட்டு தட்டி முள்ளை நகர்த்துவது அதுதான். பக்கத்தில் வலுவான காந்தப்புலம் இருந்தால் சில தட்டுகளைத் தவறவிடும். அப்புறம் சூடு: கடிகாரத்துக்குத் தாளம் போடுவது அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். 25 டிகிரியில் சரியாக ஓடும் அந்தப் படிகம் 45 டிகிரியில் நாளுக்கு ஒரு வினாடிக்கு மேல் பிந்தும்.

ஆனால் பொழுதுபோக்காகக் காலத்தைச் சீண்டியவர் ஒருவர் இருக்கிறார். 2005இல் அமெரிக்காவின் டாம் வான் பாக், சீசியம் அணுக்களைக் கொண்டு மிகத் துல்லியமாக நேரம் காட்டும் 3 அணுக்கடிகாரங்களை வேனில் ஏற்றி, பிள்ளைகளோடு ரெய்னியர் மலையில் வார இறுதியைக் கழித்தார். உயரத்தில் ஈர்ப்பு குறைவு, காலம் கொஞ்சம் வேகம். திரும்பியபோது வீட்டுக் கடிகாரங்களைவிட அவை சுமார் 22 நானோவினாடி (ஒரு நானோவினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) முந்தியிருந்தன. எனக்கு இன்றும் பொறாமைதான்!

நீங்கள் செயற்கைக்கோள்களின் நேரத்தைப் பிடித்து வினாடிக்கு ஒரு துல்லியமான துடிப்பு தரும் ஜிபிஎஸ் மாட்யூல் ஒன்றை வாங்கி, சுருள் இல்லாமலேயே உங்கள் கடிகாரத்தை ஒரு வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள்.