சுரப்பி கழுத்தில், அழுகை எங்கிருந்து?

கேள்வி: எங்கள் மைனிக்கு 36 வயது. சின்ன விஷயத்துக்கும் அழுதுவிடுகிறார்கள். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் கவனம் இல்லை. தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ரத்தத்தில் 14 என்று கூடுதலாக இருந்ததால் 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரமாக விடியக்காலையில் கருப்பட்டிக் காப்பியோடு போடுகிறார்கள், பலனே இல்லை. கழுத்தில் இருக்கும் இந்தச் சுரப்பிக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: முதலில் அந்தக் காப்பியைத் தள்ளி வையுங்கள். கருப்பட்டி பாவம், அதன்மேல் குற்றமில்லை. காப்பித்தூள்தான் மருந்தைக் குடலில் சரியாகச் சேரவிடாது. மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடிக்கலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் இருந்தால் 4 மணி நேர இடைவெளி வேண்டும். அவை மாத்திரையில் இருக்கும் தைராக்சின் ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சம்பந்தம் இதுதான். மாத்திரையில் இருக்கும் தைராக்சினுக்கு டி4 என்று பெயர். மூளையில் நரம்பணுக்களை ஒட்டியிருக்கும் துணை அணுக்கள் அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி, டி3 என்ற இன்னொரு ஹார்மோனாக்கிக் கொடுக்கின்றன. டி3 நரம்பணுவின் உட்கருவுக்குள் போய், எந்த மரபணு வேலை செய்யலாம், எது அடங்கியிருக்கலாம் என்று மாற்றுகிறது. பயத்தைக் கிளப்பும் அமிக்டலா, ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ், இரண்டுக்கும் கடிவாளம் போடும் நெற்றிப்பக்க மூளை எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. டி3 குறைந்தால் மந்தம், மறதி, அழுகை. கூடினால் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை. சீக்கிரம் சரியாகட்டும் என்று நீங்களாக இரண்டு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

மூன்று வாரம் போதாது. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அளவு நிலைப்பட 5, 6 வாரம். காப்பியை மாற்றிய நாளிலிருந்து 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். அன்று மாத்திரை போடுமுன் ரத்தம் கொடுப்பது நல்லது. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுத்தால் 2 நாள் முன்பே நிறுத்துங்கள், ரிப்போர்ட் தப்பாக வரும்.

டி.எஸ்.எச். சரியான பிறகும் அழுகை நிற்கவில்லையா? அப்புறமும் தைராய்டையே குறைசொல்லிக் கொண்டிருக்கக் கூடாது. மனச்சோர்வு தனி நோயாகவும் இருக்கலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். ‘செத்துப் போகலாம் போலிருக்கு’ என்று மைனி வாய்விட்டுச் சொன்னால் இந்த 8 வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். ராத்திரி என்றாலும் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.