இரவில் எரியும் பாதங்கள்

கேள்வி: வயது 58. சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகளாகின்றன, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இரவில் பாதம் தீயாய் எரிகிறது. வெந்நீரில் வைத்தால் இதமாக இருக்கிறது. பி12 ஊசி போட்டால் சரியாகுமா?
- வாசகர், தேனி

பதில்: முதலில் வெந்நீரை நிறுத்துங்கள். சர்க்கரை நோயால் நரம்பு பழுதான பாதம் எரிச்சலை உணரும், சூட்டைச் சரியாக உணராது. கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டது தெரியும். அந்தப் புண் ஆறுவது பெரும்பாடு.

மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிட்டால் பி12 குறையலாம். ரத்தத்தில் அளவு பாருங்கள். குறைந்திருந்தால் ஊசி பலன் தரும், இல்லையேல் வீண்செலவு. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எரிச்சலுக்கு பிரீகாபலின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றில் ஒன்றை மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி, மெல்லக் கூட்டுவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இரண்டே நாளில் கைவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பிரீகாபலின் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவையும் கொண்டுபோங்கள். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் இந்த எரிச்சலைத் தணிக்காது, சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும்.

தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடம், 10 கிராம் அழுத்தம் தரும் மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழையால் பாத உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். சிறு புண்ணானாலும் அன்றே காட்டிவிடுங்கள்.